க்ளோஸா, கேன்சலா, சரண்டரா? கணக்கு வழக்குகளை முடிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஒரு சின்னக் கடையை மூடுவது ஷட்டரை இறக்குவதோடு முடிவதில்லை. வங்கிக் கடன், நடப்புக் கணக்கு, காப்பீடு, ஜி.எஸ்.டி. பதிவு, உறவினருக்கு எழுதிக் கொடுத்த பவர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக முடித்தாக வேண்டும். எங்கள் குடும்பக் கடையை மூடியபோது இந்த வேலை முழுவதும் என்னிடம் வந்தது. பணம் புரட்டுவதையும் வரிசையில் நிற்பதையும் விட என்னை அதிகம் படுத்தியவை படிவங்களில் இருந்த ஆங்கிலச் சொற்கள்தான். நாம் எல்லாவற்றையும் ‘முடிச்சுடுங்க’ என்று சொல்லிவிடுகிறோம். படிவமோ க்ளோஸ், கேன்சல், சரண்டர், டெர்மினேட், ரிவோக் என்று ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொன்றைக் கேட்கிறது. மாற்றி டிக் அடித்தால் கையில் வரவேண்டிய பணம் குறையும், அல்லது மூடிவிட்டதாக நினைத்தது பல மாதம் திறந்தே கிடக்கும்.

இங்கே சொல்வது இந்தியாவில் உள்ள நடைமுறை. படிவத்தைத் தொடுவதற்கு முன் ஒருமுறை முழுக்கப் படித்துவிடுங்கள். எதை முதலில் முடிப்பது, எதைக் கடைசியில் முடிப்பது என்பதும் இதில் முக்கியம்.

1. முடிப்பது யார் என்று முதலில் கேளுங்கள்

நீங்களா, எதிர்த்தரப்பா, காலமா? இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

தேதி வந்ததால் தானாக முடிந்தால் அது எக்ஸ்பைரி. பதினோரு மாத வாடகை ஒப்பந்தம் இப்படித்தான் முடிகிறது. யார் மீதும் தவறு இல்லை. செய்ய வேண்டியதைச் செய்யாததால் முடிந்தால் அது லேப்ஸ். பிரீமியம் கட்டாமல் விட்ட பாலிசி லேப்ஸ் ஆகிறது. எக்ஸ்பைரி ஆனதைப் புதுப்பிக்கிறோம், லேப்ஸ் ஆனதற்கு உயிர் கொடுக்கிறோம். இரண்டுக்கும் படிவமும் செலவும் வேறு.

கையில் இருக்கும் ஓர் உரிமையை நாமே முன்வந்து திருப்பிக் கொடுப்பது சரண்டர். ஓடிக்கொண்டிருக்கும் ஒப்பந்தத்தை ஒரு தரப்பு பாதியில் முறிப்பது டெர்மினேஷன். இதற்குப் பெரும்பாலும் நோட்டீஸ் காலம் இருக்கும். ஒப்பந்தத்தில் அந்தப் பத்தியைத் தேடுங்கள். கொடுத்த அதிகாரத்தையோ போட்ட உத்தரவையோ கொடுத்தவரே திரும்ப எடுத்துக்கொள்வது ரிவோக். கொடுக்கல் வாங்கல் பாக்கியில்லாமல் தீர்ந்த பிறகு மூடுவது க்ளோஸ். கேன்சல் மட்டும் பொதுவான சொல், ‘இனி செல்லாது’ என்பதற்கு மேல் எதையும் அது சொல்லாது. அதனால் எங்கே கேன்சல் என்று பார்த்தாலும், ‘அதுவரை கட்டிய பணம் என்ன ஆகும்?’ என்று வாய் திறந்து கேட்டுவிடுங்கள்.

2. கடன்: க்ளோஸ்டு என்று வந்தால்தான் முடிந்தது

அதிகப் பணமும் அதிக ஆபத்தும் இங்கேதான் இருக்கின்றன.

கடனை முழுதாக, வட்டியோடு கட்டி முடித்தால் சிபில் போன்ற கடன் அறிக்கையில் ‘க்ளோஸ்டு’ என்று வரும். வங்கியோடு பேசி, பாக்கியில் ஒரு பகுதியைத் தள்ளுபடி வாங்கி மீதியைக் கட்டினால் ‘செட்டில்டு’ என்று வரும். நம் காதுக்கு செட்டில் என்றால் பைசா பாக்கியில்லாமல் தீர்த்ததுபோலக் கேட்கும். அடுத்த வங்கிக்கு அது ‘இவர் முழுசாகக் கட்டவில்லை’ என்று கேட்கிறது. மூன்றாவது, ‘ரிட்டன் ஆஃப்’. வங்கி தன் கணக்குப் புத்தகத்தில் அந்தக் கடனை வாராக்கடனாக எழுதி ஒதுக்கிவிட்டது என்பதுதான் இதற்குப் பொருள். கடன் மன்னிக்கப்பட்டது என்று நினைத்து நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். வசூலிக்கும் உரிமை வங்கிக்கு அப்படியே இருக்கிறது.

வசூல் முகவர் தொலைபேசியில் ‘ஒரே தவணையில் செட்டில் பண்ணிடுங்க சார், பாதி தள்ளுபடி’ என்று சொல்லும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முழுதாகக் கட்ட வழியே இல்லை என்றால் செட்டில்மெண்ட் சரிதான். வழி இருந்தால், வீட்டுக்கடன் வாங்கும் எண்ணமும் இருந்தால், கஷ்டப்பட்டாவது முழுதாகக் கட்டுங்கள் என்பதுதான் என் கருத்து.

தவணைக்காலம் முடியும் முன்பே கட்டி முடிப்பதை இங்கே ப்ரீக்ளோஷர் என்றும் ஃபோர்க்ளோஷர் என்றும் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ஃபோர்க்ளோஷர் என்றால் கடன் கட்டாதவரின் வீட்டை வங்கி எடுத்துக்கொள்வது. இணையத்தில் ஆங்கிலத்தில் தேடிப் படித்துவிட்டுப் பயந்துவிட வேண்டாம். நம்மூர் வங்கியில் ‘ஃபோர்க்ளோஷர் ஸ்டேட்மெண்ட்’ என்று கேட்டால், குறிப்பிட்ட தேதிக்குள் எவ்வளவு கட்டினால் கடன் தீரும் என்ற கணக்கைத் தருவார்கள். அதில் எழுதியிருக்கும் தேதியைத் தாண்டினால் வட்டி கூடிவிடும். சில நூறு ரூபாய் பாக்கி நின்று, அதனால் கடன் க்ளோஸ் ஆகாமல் கிடப்பது சாதாரணமாக நடக்கிறது.

செலவு: தனிநபர் ஒருவர், தொழிலுக்காக அல்லாமல், மாறும் வட்டியில் வாங்கிய வீட்டுக்கடன் போன்றவற்றுக்கு முன்கூட்டியே அடைப்பதற்கான கட்டணம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. நிலையான வட்டி என்றாலும், கடைக்காக வாங்கிய கடன் என்றாலும் வங்கி கொடுத்த கடன் ஒப்புதல் (சாங்ஷன்) கடிதத்தில் உள்ள பத்தியைப் பாருங்கள்.

கட்டி முடித்ததும் கேட்டு வாங்க வேண்டியவை: நோ டியூ சர்டிபிகேட், கடன் கணக்கின் பூஜ்ய இருப்புக் காட்டும் ஸ்டேட்மெண்ட், அடமானம் வைத்த அசல் பத்திரங்கள். தனிநபர் கடன்களில் பணம் முழுதும் தீர்ந்த 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் காரணமாகத் தாமதமானால் நாளுக்கு ரூ.5,000 ஈடு தர வேண்டும். 2023 டிசம்பர் 1 முதல் இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. கிளையில் இழுத்தடித்தால் இந்த விதியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுங்கள், பேச்சின் தொனியே மாறும்.

இரண்டு மாதம் கழித்துக் கடன் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். எங்கள் விஷயத்தில் முழுப் பணமும் கட்டிய கடனை ஒரு கிளையில் ‘செட்டில்டு’ என்று ஏற்றியிருந்தார்கள். நோ டியூ சர்டிபிகேட் கையில் இருந்ததால் திருத்த முடிந்தது. கடன் தகவல் நிறுவனங்கள் நான்கு: ட்ரான்ஸ்யூனியன் சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், சி.ஆர்.ஐ.எஃப். ஹை மார்க். ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கை இலவசம். பிழை இருந்தால் அவர்கள் தளத்திலேயே புகார் பதியலாம். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதன்பின் நாளுக்கு ரூ.100 ஈடு தர வேண்டும்.

3. கடன் போனாலும் அடமானம் போகாது

கடன் க்ளோஸ் ஆனதும் எல்லாம் முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள். வண்டிக்கடன் என்றால், வண்டி ஈடாக இருப்பதைக் காட்ட ஆர்.சி.யில் வங்கியின் பெயர் ஹைப்பாத்திகேஷன் (ஹெச்.பி.) என்று இருக்கும். அதை நீக்கும் வேலைக்கு ‘ஹெச்.பி. டெர்மினேஷன்’ என்று பெயர். வங்கியிடம் தடையில்லாச் சான்றும், வங்கி கையெழுத்திட்ட படிவம் 35-ம் வாங்கி, ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். தடையில்லாச் சான்றில் அது எதுவரை செல்லும் என்று போட்டிருப்பார்கள். பீரோவில் வைத்து மறந்துவிட்டால் மறுபடி வங்கிக்கு அலைய வேண்டும். வண்டியை விற்கும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.

தமிழ்நாட்டில் வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கியிருந்தால், பத்திர ஒப்படைப்பு ஆவணம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவாகியிருக்கும். எம்.ஓ.டி. என்பார்கள். கடன் தீர்ந்ததும் அதற்கான ரசீது ஆவணத்தையும் பதிவு செய்தால்தான் வில்லங்கச் சான்றில் கடன் தீர்ந்தது தெரியும். வங்கி அதிகாரி வந்து கையெழுத்திட வேண்டியிருக்கும் என்பதால், நோ டியூ வாங்கும் அன்றே தேதி கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4. வங்கிக் கணக்கும் கார்டும்

பயன்படுத்தாமல் விட்டால் கணக்கு தானாக மூடிக்கொள்ளாது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் நீங்கள் எந்தப் பரிவர்த்தனையும் செய்யாவிட்டால் அது ‘இன்ஆபரேட்டிவ்’ ஆகும். டார்மண்ட் என்றும் சொல்வார்கள். பணம் உங்களுடையதுதான், கே.ஒய்.சி. (அடையாள, முகவரிச் சான்றுகள்) கொடுத்து உயிர்ப்பித்துக்கொள்ளலாம். பத்து ஆண்டுகள் கடந்தால் அந்தப் பணம் ரிசர்வ் வங்கியின் டெபாசிட்டர் நிதிக்குப் போய்விடும். அப்போதும் வங்கி வழியாகக் கேட்டு வாங்க முடியும். ‘ஃப்ரோஸன்’ என்பது முற்றிலும் வேறு. நீதிமன்றமோ காவல்துறையோ வரித்துறையோ சொல்லி, அல்லது கே.ஒய்.சி. குறையால், கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். காரணத்தைத் தீர்க்காமல் அதை க்ளோஸ் செய்ய முடியாது.

மூடுவதற்குத் தேவையானவை: கணக்கு முடிப்புப் படிவம், பாஸ்புக், மீதமுள்ள காசோலைகள், டெபிட் கார்டு, அடையாளச் சான்று. கூட்டுக் கணக்கில் எல்லாருடைய கையெழுத்தும் வேண்டும். பல வங்கிகள் தொடங்கிய 14 நாட்களுக்குள்ளும், ஒரு வருடத்துக்குப் பிறகும் கட்டணம் வாங்குவதில்லை. இடைப்பட்ட காலத்தில் வாங்குகின்றன. மூடிய பிறகு ஒப்புகை வாங்காமல் வெளியே வராதீர்கள். அதற்கு முன்னால் பழைய ஸ்டேட்மெண்டுகளைப் பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள், வருமான வரிக்குத் தேவைப்படும்.

கிரெடிட் கார்டில் ‘ப்ளாக்’ என்றால் அந்த அட்டை இனி வேலை செய்யாது, அவ்வளவுதான். கணக்கு திறந்தே இருக்கும், ஆண்டுக் கட்டணமும் வரும். ‘க்ளோஷர்’ என்று கேளுங்கள். பாக்கி இல்லாவிட்டால் ஏழு வேலை நாட்களுக்குள் மூடியாக வேண்டும். தவறினால் நாளுக்கு ரூ.500 உங்களுக்குத் தர வேண்டும். கத்தரிக்கோலால் வெட்டிப் போடுவதால் எதுவும் முடிவதில்லை.

5. காப்பீடு: கேன்சல், லேப்ஸ், பெய்டு-அப், சரண்டர்

ஆயுள் காப்பீட்டுப் பாலிசி கையில் கிடைத்த 30 நாட்களுக்குள் பிடிக்கவில்லை என்று திருப்பினால் அது ‘ஃப்ரீ லுக் கேன்சலேஷன்’. முத்திரைக் கட்டணம், மருத்துவப் பரிசோதனைச் செலவு, காப்பில் இருந்த நாட்களுக்கான சிறு தொகை போக மீதிப் பணம் திரும்ப வரும். முகவர் சொன்னதும் பாலிசியில் எழுதியிருப்பதும் வேறாக இருந்தால், யோசிக்க வேண்டிய நேரம் இந்த 30 நாள்தான்.

அதற்குப் பிறகு விலகினால் அது சரண்டர். கட்டியதைவிடக் குறைவாகவே கிடைக்கும், ஆரம்ப வருடங்களில் மிகவும் குறைவு. 2024 அக்டோபர் 1 முதல் வந்த விதிகளின்படி, சேமிப்போடு கூடிய புதிய பாலிசிகளில் ஒரு முழு ஆண்டு பிரீமியம் கட்டியிருந்தாலே, முதல் ஆண்டு முடிந்தபின் சரண்டர் மதிப்பு கிடைக்கும். பழைய பாலிசிகளுக்குப் பாலிசி பத்திரத்தில் உள்ள விதிதான். இரண்டு ஆண்டு பிரீமியம் கட்டும் முன்பே முடித்தால், 80சி பிரிவில் வாங்கிய வரிக்கழிவும் திரும்ப வருமானத்தில் சேர்ந்துவிடும்.

பணம் கட்ட முடியவில்லை, அவசரத் தேவையும் இல்லை என்றால் ‘பெய்டு-அப்’ பற்றிக் கேளுங்கள். மேற்கொண்டு பிரீமியம் கிடையாது; குறைந்த காப்புத் தொகையோடு பாலிசி முதிர்வுவரை நிற்கும். சரண்டர் படிவத்தை நீட்டுவதற்கு முன் சரண்டர் மதிப்பையும் பெய்டு-அப் மதிப்பையும் எழுத்தில் கேட்டு, பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பணத்தை வாங்கிவிட்டால் அந்தப் பாலிசிக்குத் திரும்பும் வழி மூடிவிடும். லேப்ஸ் ஆன பாலிசியை, யூலிப் (சந்தை முதலீட்டோடு இணைந்த காப்பீடு) அல்லாத வகையில், கட்டாத முதல் தவணையிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் உயிர்ப்பிக்கலாம்.

எல்.ஐ.சி. சரண்டருக்கு: படிவம் 5074, அசல் பாலிசி பத்திரம், அடையாளச் சான்று, வங்கி விவரம், ஒரு ‘கேன்சல்டு செக்’. இந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்து யாரும் குழம்ப வேண்டாம். காசோலையின் குறுக்கே இரண்டு கோடு போட்டு நடுவில் கேன்சல்டு என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போடாதீர்கள். கணக்கு எண்ணையும் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டையும் சரிபார்க்கத்தான் கேட்கிறார்கள்.

பாலிசிதாரர் இறந்திருந்தால் சரண்டர் என்ற பேச்சே வேண்டாம். அது ‘டெத் க்ளெய்ம்’. நாமினியிடம் யாராவது சரண்டர் படிவத்தை நீட்டினால் வாங்காதீர்கள்.

6. ஜி.எஸ்.டி.: இங்கே ரிவோகேஷன் என்றால் உயிர் கொடுப்பது

தொழிலை நிறுத்தினால் 30 நாட்களுக்குள் ஆர்.இ.ஜி.-16 படிவத்தில் பதிவைக் கேன்சல் செய்ய விண்ணப்பிக்க வேண்டும். அரசுக் கட்டணம் இல்லை. ஆடிட்டருக்குக் கொடுப்பதுதான் செலவு. கடைசி நாளில் கையிருப்பில் உள்ள சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கட்டி, பிறகு கழித்துக்கொண்ட வரியை) கணக்குப் பார்த்துத் திருப்ப வேண்டியிருக்கும் என்பதால், சரக்கு முழுவதையும் விற்ற பிறகு விண்ணப்பிப்பது நல்லது.

விண்ணப்பித்ததும் தளத்தில் ‘சஸ்பெண்டட்’ என்று காட்டும். பயப்பட வேண்டாம், தண்டனை இல்லை; உத்தரவு வரும்வரை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் ஜி.எஸ்.டி. போட்டு பில் அடிக்கக்கூடாது.

தளத்தின் பட்டியலில் கேன்சலேஷனுக்குப் பக்கத்திலேயே ‘ரிவோகேஷன் ஆஃப் கேன்சல்டு ரெஜிஸ்ட்ரேஷன்’ என்று ஒன்று இருக்கும். அதிகாரி போட்ட ரத்து உத்தரவைத் திரும்பப் பெற்று, பதிவை மீண்டும் உயிர்ப்பிக்கக் கேட்கும் விண்ணப்பம் அது. ரிட்டர்ன் போடாமல் விட்டதால் அதிகாரியே ரத்து செய்திருந்து, தொழிலைத் தொடர விரும்பினால் மட்டும் அதைத் தொடுங்கள். உத்தரவு கிடைத்த 90 நாட்களுக்குள் ஆர்.இ.ஜி.-21 படிவத்தில் கேட்க வேண்டும். விட்ட ரிட்டர்ன்களையும் வரியையும் முதலில் கட்டியிருக்க வேண்டும்.

ரத்து உத்தரவு வந்ததும் வேலை முடிந்தது என்று எண்ணித்தான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். ரத்தான தேதி, உத்தரவுத் தேதி இரண்டில் எது பிந்தியதோ அதிலிருந்து மூன்று மாதங்களுக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-10 என்ற இறுதி ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டும். தாமதித்தால் நாளுக்கு ரூ.200 வீதம் ஏறும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வணிகர்களுக்கான எளிய வரித் திட்டம்) இருந்தவர்களுக்கு இந்த இறுதி ரிட்டர்ன் இல்லை.

7. பவர் பத்திரம்

கொடுத்த பவரைத் திரும்ப எடுப்பது ரிவோக். பதிவு அலுவலகத்தில் ‘பவர் ரத்துப் பத்திரம்’ என்று கேளுங்கள். பதிவு செய்த பவரை, பதிவு செய்த ரத்துப் பத்திரத்தால்தான் முடிக்க வேண்டும். பவர் பத்திரம், அடையாளச் சான்று, இரண்டு சாட்சிகள் தேவை. கட்டணத்தைப் பதிவுத்துறைத் தளத்தில் அன்றைய நிலவரப்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

ரத்து செய்ததைப் பவர் ஏஜெண்டுக்குப் பதிவுத் தபாலில் தெரிவித்தாக வேண்டும். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 208-ஆம் பிரிவின்படி ரத்து என்பது ஏஜெண்டுக்குத் தெரியவரும்போதும், வெளியாருக்கு அவர்கள் அறியும்போதும்தான் செல்லுபடியாகிறது. சொத்துக்காகக் கொடுத்த பவர் என்றால் நாளிதழில் ஒரு சிறு அறிவிப்பும் கொடுங்கள். ஏஜெண்டுக்கே அந்தச் சொத்தில் பாத்தியதை இருந்தால் ஒருதலையாக ரத்து செய்ய முடியாமல் போகலாம். அங்கே வழக்கறிஞர் தேவை.

இன்னொன்று. சார்பதிவாளர் அலுவலகத்தில் ‘செட்டில்மெண்ட்’ என்றால் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது. வங்கியில் கேட்ட அதே சொல்தான், பொருள் வேறு. செட்டில்மெண்ட் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டால் சொத்து கைமாறிவிடும். பவரை ‘செட்டில்’ செய்ய வந்தேன் என்று எழுத்தரிடம் சொல்லாதீர்கள்.

8. வேலையை விட்டிருந்தால்

நீங்களாக விட்டால் ரிசிக்னேஷன், நிறுவனம் அனுப்பினால் டெர்மினேஷன். ராஜினாமா கடிதம் கொடுத்தாலே போதாது. ‘ரிலீவிங் லெட்டர்’ வாங்கும்வரை நீங்கள் வெளியே வந்ததாகக் கணக்கில்லை. வேலையிலிருந்து ‘டெர்மினேட் செய்துகொண்டேன்’ என்று விண்ணப்பங்களில் எழுதாதீர்கள், வெளியேற்றப்பட்டவர் என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

பி.எஃப். தளத்தில் வெளியேறிய தேதியை நிறுவனம் ஏற்றாவிட்டால், கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழித்து ‘மார்க் எக்ஸிட்’ வழியாக நீங்களே ஏற்றலாம். காரணப் பட்டியலில் ராஜினாமா என்று இருக்காது. ‘சீசேஷன்’ என்பதுதான் அதற்கானது. ‘சூப்பர்ஆனுவேஷன்’ பணி ஓய்வு வயதை எட்டியவர்களுக்கு. புது வேலை கிடைத்திருந்தால் பணத்தை எடுக்காமல் மாற்றிக்கொள்ளுங்கள். ஐந்து ஆண்டு நிறைவதற்குள் ரூ.50,000 அல்லது அதற்கு மேல் எடுத்தால் வரி பிடிப்பார்கள்.

9. ஆட்டோ டெபிட்டும் சிம்மும்

மியூச்சுவல் ஃபண்டு எஸ்.ஐ.பி.யைக் கேன்சல் செய்தால் இனி தவணை பிடிக்கமாட்டார்கள். போட்ட பணம் அங்கேயே இருக்கும். பணம் வேண்டும் என்றால் ‘ரிடீம்’. யூ.பி.ஐ. ஆட்டோபேயில் செயலியை அழிப்பதால் எதுவும் நிற்காது. மேண்டேட் (தானாகப் பணம் பிடிக்க நாம் கொடுத்த அனுமதி) பட்டியலுக்குப் போய் ‘ரிவோக்’ கொடுங்கள். ‘பாஸ்’ (இடைநிறுத்தம்) கொடுத்தால் தற்காலிகமாகத்தான் நிற்கும். கடன் தவணைக்காக வங்கிக் கணக்கில் பதிந்த நாச் மேண்டேட்டையும் கடன் முடிந்த வாரமே வங்கியில் எழுதிக் கொடுத்து நிறுத்துங்கள்.

அப்புறம், வரிசை. முதலில் கடன். பிறகு காப்பீடு, பி.எஃப்., ஜி.எஸ்.டி. ஆகியவற்றிலிருந்து வரவேண்டிய பணம். அந்தப் பணம் எல்லாம் வந்து சேர்ந்தபின் மற்ற ஆட்டோ டெபிட்டுகள். அதன்பின் வங்கிக் கணக்கு. கடையின் பெயரில் இருந்த சிம் எல்லாவற்றுக்கும் கடைசி, ஏனென்றால் மேலே சொன்ன ஒவ்வொன்றுக்கும் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும். ஜி.எஸ்.டி. இறுதி ரிட்டர்ன் தாக்கலாகும்வரை குறைந்த கட்டண ரீசார்ஜ் போட்டு அதை உயிரோடு வைத்திருங்கள். சிம்மை விடுவதற்கு முன் ஆதார், பான், டிமேட், மின் இணைப்பு ஆகியவற்றில் எண்ணை மாற்றிவிடுங்கள். விட்ட எண் சில மாதங்களில் வேறொருவர் கைக்குப் போய்விடும்.